கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

தியாகராய நகரின் உட்தெருக்களில் 'வீடு லீசுக்கு' என்ற துண்டு விளம்பரம் மின்கம்பம்தோறும் ஒட்டியிருக்கும். மாத வாடகை கிடையாது. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துக் குடியேற வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது அதே பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நம் பாட்டன், பூட்டன் காலத்தில் இதற்கு ஒத்தி என்றும் போக்கியம் என்றும் பெயர். சட்டத்தில் லீஸ் என்பது வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 105-ஆவது பிரிவில் குத்தகையை விவரிக்கிறது. கடனுக்கு ஈடாகச் சொத்தை ஒப்படைத்து, கடன் தீரும்வரை அதை அனுபவிக்க விடும் அடமானத்துக்கு 58-ஆவது பிரிவில் தனி இலக்கணம் இருக்கிறது. நம் ஊர் 'லீசு' இந்த இரண்டில் எதில் சேரும் என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அடமானம் என்றாகிவிட்டால், நூறு ரூபாய்க் கடனாக இருந்தாலும் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 59-ஆவது பிரிவு.

நடப்பில், லட்சங்கள் ஒரு முத்திரைத்தாளையும் நோட்டரியின் முத்திரையையும் நம்பிக் கை மாறுகின்றன. வீட்டுக்காரர் அதே வீட்டை முன்பே வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருப்பார். தவணை நின்றுபோனால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்து நிற்கும். வில்லங்கச் சான்று ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் பல அடமானங்கள் முன்பே தெரிந்திருக்கும். பணத்தைக் கொடுத்த குடும்பம், தன் கையில் இருப்பது என்ன தாள் என்று அப்போதுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பட்டதாரி இருப்பார். பி.காம். படித்தவராகவும் இருக்கலாம், வணிகச் சட்டத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கலாம். நம் கல்லூரிகள் சட்டத்தைக் கற்பிக்கும் முறையில் எனக்குள்ள குறை இதுதான். சொற்களைக் கொடுக்கிறோம், அந்தச் சொல் குறிக்கும் உறவை, பொறுப்பை, ஆபத்தை ஒரு தாளின் மேல் விரல் வைத்துக் காட்டுவதில்லை.

காவல் நிலையத்திலும் இதே கதைதான். ரங்கநாதன் தெரு நெரிசலில் போனைப் பறிகொடுத்த மாணவர் புகார் கொடுக்கிறார், சி.எஸ்.ஆர். எண் எழுதிய ரசீது கிடைக்கிறது. வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி விடுதிக்குத் திரும்புகிறார். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. முதல் தகவல் அறிக்கை என்கிற எஃப்.ஐ.ஆர். வேறு. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சில வகைக் குற்றங்களில் மட்டும் 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய முன்விசாரணைக்கு இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிவிடக்கூடிய செய்திகள் இவை. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை.

சட்டத்துக்குப் பேர்போன பேட்டைகளில் இப்படி நடக்கிறது என்பதுதான் வருத்தம். மயிலாப்பூர் வக்கீல்கள் முன்னின்று நடத்திய 'மெட்ராஸ் லா ஜர்னல்' 1891-இல் தொடங்கியது. சென்னைச் சட்டக் கல்லூரிக்கும் அதுவே தொடக்க ஆண்டு. அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் வாழ்ந்தது லஸ் பகுதியில். அடையாற்றுக்கு இந்தப் பக்கம், கிரீன்வேஸ் சாலையாக இருந்து தினகரன் சாலையாகிவிட்ட தெருவில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனை அறிவு சுற்றியிருக்க, பக்கத்துத் தெருக் கலைக் கல்லூரி மாணவிக்கு வாடகை ஒப்பந்தம் படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை.

சட்டக் கல்லூரி மாணவரின் சிக்கல் வேறு மாதிரியானது. ஐந்தாண்டுப் படிப்புக்குத் தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைச் சேர்க்கின்றன. அதனால்தான் தமிழ்வழியில் படித்த, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் கறுப்புக் கோட்டைக் கனவு காண முடிகிறது. இது காப்பாற்றப்பட வேண்டிய நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் பருவத்திலேயே ஆங்கிலமும் லத்தீனும் சேர்ந்து அவர்கள் மேல் விழுகின்றன. 'ரெஸ் ஜுடிகேட்டா' என்பதை எழுத்துப் பிழையில்லாமல் எழுத மனப்பாடம் செய்கிறார்கள். தீர்ந்துபோன வழக்கை அதே ஆட்கள் மறுபடி கிளப்பக் கூடாது என்ற நியாயம் அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்திலேயே கேட்டுப் பழகியதுதான் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை.

எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கு ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் கன்சிடரேஷன் என்ற கருத்து வருகிறது, தமிழில் மறுபயன். 2-ஆவது பிரிவில் உள்ள விளக்கம் நீண்ட ஒற்றை வாக்கியம். ஆசிரியர் அதை வாசித்தால் வகுப்பு தூங்கிவிடும். அவர் அதற்கு முன் சின்னையா எதிர் ராமையா என்ற வழக்கைச் சொல்லட்டும். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ந்த வழக்கு அது.

ஒரு தாய் தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதி வைக்கிறார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அன்றைக்கே அப்படிக் கொடுப்பதாகத் தனியாக எழுதித் தருகிறார். பிற்பாடு கொடுக்க மறுக்கிறார். 'எனக்குச் சொத்துத் தந்தது என் அம்மா. பணம் கேட்பவர்கள் எனக்கு என்ன தந்தார்கள்?' என்பது அவர் வாதம். வகுப்பைக் கேளுங்கள், இதில் யார் பக்கம் நியாயம் என்று. ஒவ்வொரு மாணவரும் வாய் திறப்பார். பாகப்பிரிவினைச் சண்டை பார்க்காத வீடு ஏது? மறுபயன், வாக்குறுதியைப் பெற்றவரிடமிருந்தேதான் வர வேண்டும் என்பதில்லை, வேறொருவரிடமிருந்து வந்தாலும் போதும் என்று நீதிமன்றம் சொன்னதை அப்போது சொல்லுங்கள். இங்கிலாந்துச் சட்டம் இதற்கு நேர் மாறாக, வாக்குறுதி பெற்றவரே மறுபயன் தந்திருக்க வேண்டும் என்றதையும் சொல்லுங்கள். அதன் பிறகு 2-ஆவது பிரிவைத் திறந்தால், அந்த நீண்ட வாக்கியத்தில் 'அல்லது வேறெவரேனும்' என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்கள் ஏன் இருக்கின்றன என்று மாணவருக்கே பளிச்சென்று தெரியும். அந்த ஆங்கிலம் ஆயுளுக்கும் மறக்காது.

ஆங்கிலச் சொல்லை ஒதுக்கச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அரசியல் சாசனத்தின் 348-ஆவது பிரிவின்படி, வேறு மொழிக்கு அனுமதி கிடைக்காதவரை உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே. தமிழையும் அங்கே அனுமதிக்க வேண்டும் என்று சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களுக்கு இந்தியில் கிடைத்த அனுமதி தமிழுக்கு மறுக்கப்படுவது அநீதி. அந்தக் கோரிக்கையைக் கைவிடக் கூடாது. அதுவரை, இன்று முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஆங்கிலம் இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

ஆனால் தமிழ் இல்லாமலும் இங்கே வக்கீல் தொழில் நடக்காது. விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், கிரயப் பத்திரமும் உயிலும் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன, எஃப்.ஐ.ஆர். தமிழில் எழுதப்படுகிறது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது இவையெல்லாம் ஆங்கிலமாகின்றன. உரிமையியல் நீதிபதி பதவிக்கான முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. இரண்டு திசையிலும் பெயர்க்கத் தெரிய வேண்டும். தொழில் கேட்பது இருமொழித் திறமையை. அதைக் கல்லூரியின் முதல் பருவத்திலேயே பழக்காமல், பட்டம் வாங்கியபின் சீனியரின் அலுவலகத்தில் தட்டுத் தடுமாறிக் கற்க விடுகிறோம்.

இதற்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்த 'சித்தாந்த சங்கிரகம்' 1862-இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்றே அவரை நாம் கொண்டாடுகிறோம். சட்டம் தெரியாத குடியானவன் நீதிமன்றத்தில் ஊமையாக நிற்கக் கூடாது என்று கவலைப்பட்ட நீதிபதியாகவும் அவரைச் சட்ட மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

புரியும் மொழியில் சொல்வதைச் சட்டமே உரிமையாக ஏற்றிருக்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு, இந்தி மட்டுமே தெரிந்திருக்க, காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து வாய்மொழியாக விளக்கிவிட்டால் போதாது என்று ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் கூறியது. நம் உயர் நீதிமன்றத்திலும் குண்டர் சட்டக் காவல் ஆணைகள், ஆவணங்களின் தமிழாக்கம் தரப்படவில்லை என்ற காரணத்தால் ரத்தாவது அடிக்கடி நடப்பது. கைதானவருக்குப் புரிய வேண்டும் என்று இவ்வளவு கறாராக இருக்கும் சட்டம், கற்கும் மாணவருக்குப் புரியாமல் போவதை நாம் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் பட்டப்படிப்புக்கும் வந்தது. அதே போல் ஒரு பருவத்துக்குச் சட்ட அறிமுகத் தாள் வரலாம். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் கணிதமோ வரலாறோ படிப்பவருக்கும் அது வேண்டும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளுக்குள் ஏற்கெனவே திறன் வகுப்புகளைக் கொண்டுபோயிருக்கிறது. அதன் வழியாகவும் கொடுக்கலாம்.

பாடநூல் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு வேலை நியமனக் கடிதம், ஒரு எஃப்.ஐ.ஆர். நகல், ஒரு வில்லங்கச் சான்று, ஒரு கடை பில் போதும். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருக்கும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். துணிக்கடையில் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியதைத் தெரிந்துகொண்டு வேலைக்குப் போகட்டும்.

தேர்விலும் பொருள் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள் வேண்டாம். ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, இதில் உனக்குப் பாதகமான ஷரத்து எது, ஏன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகமும் சட்டப் பல்கலைக்கழகமும் இருப்பது ஒரே நகரத்தில். இரண்டின் பாடத்திட்டக் குழுக்களும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்தால் இந்தத் தாளை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். நடத்தும் ஆசிரியர்களுக்குத் துணையாக, மயிலாப்பூரிலும் அடையாறிலும் அலுவலகம் வைத்திருக்கும் மூத்த வழக்கறிஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் பக்கத்துக் கல்லூரிக்கு வர வேண்டும். உங்களைத் தேடி வழக்கோடு வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளை நீங்கள் ஒரு முறை சந்தித்துவிடுங்கள்.