தோட்டத்தில எங்களுக்கொரு தோட்டம்

2022 ஜூன் மாதம், சாப்பாட்டுக்குப் பஞ்சம் வருமென்று பயந்த அரசாங்கம், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. இரத்தினபுரி, கேகாலை லயங்களில் இருக்கிற நாங்க எங்க செய்யிறது? நாட்சம்பளக்காரருக்கு ஏது லீவு? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயத்துப் பின்பக்க மண்கூட எங்கள் பெயரில் இல்லை.

தரிசாகக் கிடக்கும் றப்பர்க் காணியில் லயத்துக்கொரு துண்டைப் பொதுவில் கொடுங்கள். பன்றிக்கு வேலியும் இராக்காவலும் முறைவைத்துப் பார்ப்போம். கடைக் கொப்பியில் கடன் ஏறாமல் கொச்சிக்காயும் கத்தரியும் கீரையும் சட்டிக்கு வரும். ஏழு பேர்ச் காணிக்கு இது ஈடில்லை, அதுவும் வேணும்.

'தோட்டக்காட்டான்' என்று பேர் வைத்தீங்களே, அந்தத் தோட்டத்தில எங்களுக்கு ஒரு பாத்தியாவது எங்கே?