டேப்பை மூடினா லாகவுட் ஆகிடுமா?

இன்கம் டாக்ஸ் போர்ட்டல் அடிக்கடி வெளியே தள்ளுதுன்னு திட்டாதவங்க கிடையாது. ரிட்டர்ன் பாதி நிரப்பியிருப்பீங்க, பேக் பட்டனைத் தட்டினா போச்சு. மறுபடி பான் நம்பர், பாஸ்வேர்டு. என் கருத்து: வெளியே தள்ளுறது சரி, சேவ் பண்ணாத பகுதியைச் சேர்த்துத் தொலைக்கிறதுதான் தப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் திட்டுறோம்.

இந்த போர்ட்டல் 2021 ஜூன் 7-ல் வந்தது, இன்ஃபோசிஸ் செஞ்சது. முதல் ரெண்டு மூணு மாசம் பட்ட பாட்டுல, நிதியமைச்சகமே அந்த ஆகஸ்ட் 23-ல் இன்ஃபோசிஸ் சிஇஓ சலில் பரேக்கைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுச்சு. இப்ப உள்ளே போனதும் அட்ரஸ் பாரைப் பாருங்க. நடுவுல # குறி ஒண்ணு இருக்கும். மெனுவை அழுத்த அழுத்த, அதுக்குப் பின்னாடி இருக்கிறது மட்டும்தான் மாறும். பழைய வெப்சைட் மாதிரி ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வர்ல இருந்து முழுப் பக்கம் வராது. ஒரே பக்கம் ஒரு தடவை இறங்கும், அப்புறம் உங்க பிரவுசரே திரையை மாத்தி மாத்தி வரையும். இதுக்குப் பேர் சிங்கிள் பேஜ் அப்ளிகேஷன். இன்னைக்கு நீங்க பயன்படுத்துற ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் தளங்கள்ல பல இந்த ரகம்தான்.

இதுல லாகின் பண்ணினதும் சர்வர் உங்களுக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். கோயில் வாசல்ல செருப்புக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரிதான். யார் கொண்டுவந்து நீட்டினாலும் செருப்பு அவங்களுக்கு, முகத்தைப் பார்க்க மாட்டாங்க. அந்த டோக்கனை ஆப் எங்க வைக்குதுன்னு பொறுத்துத்தான் எல்லாம். வெறும் மெமரியில வச்சா, ரெஃப்ரெஷ் பண்ணினதும் மறைஞ்சிடும். செஷன் ஸ்டோரேஜ்ல வச்சா அந்த டேபோட முடியும். லோக்கல் ஸ்டோரேஜ்ல வச்சா, சிஸ்டத்தையே அணைச்சுட்டுப் போனாலும் மறுநாள் காலையில அப்படியே இருக்கும். எந்தத் தளம் எப்படின்னு நம்மால வெளியில இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால டேப்பை மூடினதை லாகவுட்னு எண்ணிக்காதீங்க.

நம்பலையா? இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல லாகவுட் அழுத்தாம டேப்பை மட்டும் மூடிட்டு, உடனே மறுபடி உள்ளே போய்ப் பாருங்க. ஏற்கெனவே ஒரு செஷன் ஓடிக்கிட்டிருக்குன்னு எச்சரிக்கை வரும். நீங்க எழுந்து போயாச்சு, சர்வர் கணக்குல இன்னும் உட்கார்ந்திருக்கீங்க. எங்கேயும் திறந்து வைக்காத நாள்ல இதே எச்சரிக்கை வந்தா, பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்துங்க.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் ஜூலை கடைசியில கம்ப்யூட்டர் சென்டர்களைப் பார்த்தா தெரியும். ஒரே சிஸ்டத்துல வரிசையா ஆள் உட்காருவாங்க. பெங்களூர்ல இருந்து லீவுக்கு வந்த பிள்ளை, அப்பாவோட ரிட்டர்னையும் அங்கேயே முடிச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடும். போன 2025-ல் கடைசித் தேதி செப்டம்பர் 15-ன்னு தள்ளி, அப்புறம் 16-ன்னு ஒரு நாள் கூட்டினாங்களே, அந்த அவசரத்துல லாகவுட் பட்டனைத் தேடுறவங்க எத்தனை பேர்? கல்லாவைத் திறந்துபோட்டுட்டு டீ குடிக்கப் போற ஏலக்காய் வியாபாரியை போடியில பார்க்க முடியாது. நாம மட்டும் போறோம்.

அடுத்து உட்கார்றவர் உங்க ரீஃபண்டைத் தன் கணக்குக்கு மாத்திட முடியாது. பேங்க் கணக்கு பான் நம்பரோட பொருந்தணும், ரிட்டர்னை வெரிஃபை பண்ண உங்க போனுக்கு ஓடிபி வரணும். ஆனா ஏஐஎஸ்ஸைத் திறந்தா சம்பளம், எஃப்டி வட்டி, வித்த ஷேர், வாங்கின இடம் எல்லாம் வரிசையா நிற்கும். சொந்தபந்தம் நிறைஞ்ச ஊர்ல இது என்ன விலைன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

அதனால பொது சிஸ்டம்னா இன்காக்னிட்டோ விண்டோ, முடிச்சதும் லாகவுட், அப்புறம் அந்த விண்டோ எல்லாத்தையும் மூடுறது. போர்ட்டல்ல இ-ஃபைலிங் வால்ட்னு ஒரு வசதி இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா பாஸ்வேர்டு மட்டும் வச்சு யாரும் நுழைய முடியாது, ஆதார் ஓடிபி மாதிரி இன்னொண்ணும் வேணும். ஆடிட்டர் ஆபீஸுக்கு வாட்ஸ்அப்ல பாஸ்வேர்டு அனுப்பி வச்சவங்க முதல்ல இதைச் செய்யுங்க.

ஃபின்டெக் கம்பெனியில கோடு எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரவுசர்ல இருக்கிற டோக்கனை அழிச்சுட்டு லாகின் திரையைக் காட்டினா அது லாகவுட் ஆகாது. சர்வர்லயும் அந்த டோக்கன் செல்லாததாகணும். இல்லேன்னா ஏற்கெனவே அதை எடுத்தவன் கையில, காலாவதி ஆகுற வரைக்கும் ஓடும். ஒரு டேப்ல வெளியே வந்தா மத்த டேப்களும் வெளியே வரணும். வெளியே தள்ளும்போது நிரப்பின படிவத்தை டிராஃப்ட்டா வச்சிருங்க, அதைச் செஞ்சாலே பாதித் திட்டு குறையும்.

நெட் பேங்கிங் வேற கதை, அங்க பணமே போகும். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6-ல் போட்ட சுற்றறிக்கைப்படி, உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பில்லாம நடந்த மோசடியை, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் கிடையாது. பாஸ்வேர்டைப் பகிர்ந்தது மாதிரி உங்க அலட்சியத்தால போனதுன்னா, நீங்க புகார் சொல்ற நிமிஷம் வரைக்கும் போன பணம் உங்க தலையில. சென்டர்ல திறந்துவிட்டுட்டு வந்த அக்கவுண்ட்டை எந்தப் பக்கத்துல எழுதுவாங்கன்னு நீங்களே யோசிங்க. பணம் போனது தெரிஞ்சதும் முதல்ல பேங்க், உடனே 1930. பேங்க் கொடுக்கிற புகார் எண்ணையும் நேரத்தையும் குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி வாதாட அதுதான் ஆதாரம்.