சேசிஸ் போய்விட்டால் வீட்டை எப்படி அடையாளம் காண்பது?

அமெரிக்காவில் வீட்டு விலையும் கடன் வட்டியும் ஏறிய ஏற்றத்தில், நம்ம ஐடி பிள்ளைகள் பலர் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஃபேக்டரி வீடுகள் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவன் ராலே நகருக்கு வெளியே ஒரு வீடு பார்த்தான். அரை ஏக்கர் நிலம், மூன்று பெட்ரூம், 1989-ல் கட்டியது. விளம்பரத்தில் 'மாடுலர்' என்று போட்டிருந்தது. நார்த் கரோலினாவில் வீடு வாங்கும் ஒப்பந்தம் போடும்போது 'ட்யூ டிலிஜென்ஸ்' என்று ஒரு தொகை விற்பவருக்கே கொடுப்பது வழக்கம். வேண்டாம் என்று பின்வாங்கினால் அது திரும்பி வராது. 3,000 டாலர் செக் எழுதத் தயாராக இருந்தான். "வீடு மாதிரிதானண்ணே இருக்கு, அப்புறம் என்ன?" என்றான்.

வெளியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்கும். சிக்கலே அதுதான். இரண்டுமே ஃபேக்டரியில் செய்து லாரியில் வருபவை. மாடுலர் வீடு, நாலு சுவர் எழுப்பிக் கட்டும் வீட்டைப் போலவே மாநில, உள்ளூர் கட்டட விதிகளின்படி செய்யப்படுவது. மேனுஃபேக்சர்டு வீட்டுக்கு விதியே வேறு. ஹட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதி அது. 1976 ஜூன் 15-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் வெறும் 'மொபைல் ஹோம்'. எஃப்.ஹெச்.ஏ. கடன் அதற்குக் கிடையவே கிடையாது.

சனிக்கிழமை நான் டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனேன். (பழைய டி-ஷர்ட் போட்டுப் போங்கள்.) நீளவாக்கில் இரும்பு ஐ-பீம்கள் ஓடின. அதுதான் நிரந்தர சேசிஸ். பெரும்பாலான மாடுலர் வீடுகளில் இது இருக்காது. மரச் சட்டங்களே அஸ்திவாரச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் இரும்பு ஃப்ரேமோடு வரும் மாடுலரும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. லேபிளைத் தேட வேண்டும்.

மேனுஃபேக்சர்டு வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வெளிச்சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு உலோகத் தகடு அறைந்திருப்பார்கள். இரண்டு பாதி சேர்ந்த வீடென்றால் இரண்டு தகடு. இந்த வீட்டில் மேலே புது வினைல் போட்டு மூடிவிட்டார்கள். உள்ளே பெரிய பெட்ரூம் க்ளாசட் சுவரில் பெயின்ட் பாதி மறைத்த ஒரு தாள் கிடைத்தது. டேட்டா பிளேட்! செய்த கம்பெனி, தேதி, சீரியல் நம்பர், எந்தக் காற்றுப் பகுதிக்குச் செய்தது என்ற மேப், எல்லாம் அதில் இருந்தது. மாடுலராக இருந்தால் மாநில முத்திரை ஸ்டிக்கர்தான் மின் பேனல் அருகிலோ சமையலறை அலமாரிக்குள்ளோ இருந்திருக்கும்.

தாள் கிழிந்து போயிருந்தாலும் வழி உண்டு. சேசிஸின் முன்பக்கக் குறுக்கு பீமில் சீரியல் நம்பர் குத்தியிருப்பார்கள். தொலைந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு தரமாட்டார்கள். ஐ.பி.டி.எஸ். என்ற நிறுவனம் பதிவேட்டைப் பார்த்து உறுதிக் கடிதம் தரும்.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் வாங்கியிருந்த கடன் ஒப்புதல் சாதாரண வீட்டுக்கானது. மேனுஃபேக்சர்டு என்றால் பல வங்கிகள் கையை விரித்துவிடும். தருபவர்களும் நிரந்தர அஸ்திவாரத்துக்கு இன்ஜினியர் சான்றிதழ் கேட்பார்கள். வண்டி மாதிரி டி.எம்.வி.-யில் டைட்டில் இருந்தால், அதை ஒப்படைத்து நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி அது வீடே இல்லை, அசையும் சொத்து. வட்டியும் கூடும்.

அதற்காக மேனுஃபேக்சர்டு வீடு என்றாலே குப்பை என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகப் பராமரித்த ஒன்று, ஒழுகும் மாடுலரை விட எவ்வளவோ மேல். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு, அவ்வளவுதான். பாத்ரூம் வாசலில் தரை அமுங்குகிறதா? அந்தக் காலத்துத் தூள்பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். குழாய் சாம்பல் நிற பாலிபியூட்டிலீனா? 1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் ஏராளம், திடீரென்று வெடிக்கும். அடிவயிற்றில் கட்டிய கருப்பு ஷீட் கிழிந்து இன்சுலேஷன் தொங்குகிறதா? இரண்டு பாதியும் சேரும் 'மேரேஜ் லைன்' ஓரமாகக் கூரையில் கறை உண்டா? கல்யாணக் கோடு பிசகினால் வீடு ஒழுகும்! கடற்கரைப் பக்கம் என்றால் செய்த ஆண்டை இன்னும் கவனியுங்கள். ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு 1994 ஜூலையில்தான் காற்றுக்கான விதிகளை இறுக்கினார்கள்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் செனட் வங்கிக் குழு ஒருமனதாக நிறைவேற்றிய 'ரோட் டு ஹவுசிங்' மசோதா, மேனுஃபேக்சர்டு வீட்டுக்கு நிரந்தர சேசிஸ் கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிடச் சொல்கிறது. செலவு குறையும், இரண்டு மாடி கட்டுவதும் சுலபம். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் டார்ச் அடித்துப் பார்க்கும் என் வித்தை புது வீடுகளில் எடுபடாது. தகடும் தாளும்தான் சாட்சி. அதை வினைல் போட்டு மூடுவதையும் பெயின்ட் அடிப்பதையும் மட்டும் யாரும் நிறுத்தப் போவதில்லை.

தம்பி செக்கைக் கொடுக்கவில்லை. டேட்டா பிளேட் போட்டோவை ஏஜென்டுக்கு அனுப்பினான். விளம்பரம் மாறியது, விலையும் இறங்கியது. அஸ்திவாரத்தைப் பார்க்க இன்ஜினியர் வியாழக்கிழமை வருகிறார்.