சாணை பிடித்த சக்கரம்

ஹைதராபாத் மல்லாபூர் தொழிற்பேட்டைப் பக்கம் கிரைண்டருக்குப் பஞ்சமில்லை. சைக்கிள் வித்தைப் பிரியர்களான பையன்களுக்கு அதுவே சபலம். பாறைக்குப் பாறை பின்சக்கரத்தில் தாவும் 'டிரையல்ஸ்', மோட்டார் சைக்கிள் போட்டிக்கான பயிற்சியாக 1970களில் ஸ்பெயினில் பிறந்த விளையாட்டு. அதன் வீரர்கள் அலுமினிய ரிம்மின் பக்கவாட்டைக் கிரைண்டரால் லேசாகக் கீறிவிடுவார்கள். பிரேக் கட்டை கவ்வினால் சக்கரம் இம்மியும் நகராது. (சத்தம் ஊரைக் கூட்டும்!) கட்டை சீக்கிரம் தேயும், ரிம்மின் சுவரும் மெலியும். மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தில் பிளக்கலாம்.

அவர்கள் தாவுவது நடை வேகத்தில். இறக்கத்தில் விரையும்போது முன்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் பறப்பது பையன்தான். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் வழுக்குவது நிஜம். ஆனால் கிரைண்டர் பட்டால் பூச்சு போய்த் துருவேறும். அலுமினிய ரிம்முக்கு மாறலாம், கீறாமலே நன்றாகப் பிடிக்கும்.