வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்



"வலியே இல்லையே, பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?" காரைக்குடியிலும் சிவகங்கையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தப் பேச்சே ஆபத்தானது. ஏனெனில் பெரும்பாலான புற்றுநோய்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கும்போது நோய் பலருக்கு முற்றியிருக்கும்.

முன்கூட்டியே கண்டறிந்தால் உயிர் பிழைக்கலாம் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமப் பெண்களே அதற்குச் சான்று. அங்கு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற ஒன்றை, தடவிப் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு இருந்தால் அது வெண்மையாகத் தெரியும். இப்படி ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே, அந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு, மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

ஆனால் அங்கும் அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேரே வந்தனர். செவிலியர் ஊர் தேடி வந்தும் மூவரில் ஒருவர் வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 10 விழுக்காடுகூட இல்லை. வசதி இல்லாதது மட்டுமே காரணம் அன்று. கூச்சம், பயம், 'பிள்ளையின் திருமணம் முடியட்டும், நேர்ச்சை செலுத்திவிட்டுப் பார்ப்போம்' என்ற தள்ளிப்போடல் ஆகியவையும் காரணங்களே.

எனவே கீழ்க்கண்ட அறிகுறிகளை மனத்தில் இருத்துவோம்:

- மார்பில் வலியற்ற கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தக் கசிவு.
- மாதவிலக்கு நின்ற பிறகு, அல்லது தாம்பத்திய உறவுக்குப் பிறகு இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்.
- வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. வெற்றிலையுடன் புகையிலை போடுபவர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.
- வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல், இருமல், விழுங்குவதில் சிரமம்.
- மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம். காரணமின்றி எடை குறைதல்.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்காரரோ அல்ல. இரத்தம் வந்தால் 'மூலமாகத்தான் இருக்கும்' என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லலாம். தேவையானால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. நம் தாய்மார்கள் தம் உடல்நலத்தைக் கடைசியாகவே எண்ணுவார்கள். "அம்மா, வாங்க, நானும் கூட வருகிறேன்" என்று மகனோ மகளோ சொல்லும் ஒரு வார்த்தை போதும். பல மாதத் தயக்கம் விலகும். செபிப்போம், அதோடு பரிசோதனைக்கும் செல்வோம். இந்த வாரமே நம் வீட்டில் கேட்போம்.