நூறு வருடம் கழித்து யார் பெயர் நிற்கும்?

இன்று உயிரோடு இருக்கும் விஞ்ஞானிகளில் யாரை வருங்காலம் மாமேதை என்று கொண்டாடும்? அறிவியல் ஆர்வலர்கள் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. பட்டியலும் உடனே தயாராகிவிடும். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையைத் தந்த ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் சார்பென்டியர். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டெடுத்த சீனாவின் தூ யூயூ. எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட கத்தாலின் கரிக்கோ. நம்மூர்ப் பெயராக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

இந்தப் பெயர்களில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. இவற்றை வைத்து நமக்கு எடுக்கப்படும் பாடத்தில்தான் சண்டை.

கரிக்கோ ஹங்கேரியில் ஒரு கசாப்புக்காரரின் மகள். குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீட்டில் வளர்ந்தவர். 1995-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. 2023-இல் நோபல் பரிசு வந்தது. தூ யூயூ முனைவர் பட்டமே வாங்காதவர். 2015-இல் நோபல் வாங்கினார். "பார்த்தீர்களா, திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம்" என்கிறார்கள். சரி, இந்த நாட்டில் மாடு அறுப்பவரின் மகள் ஆய்வுக்கூடத்துக்குள் எந்த வேலைக்குப் போக முடிகிறது? பெருக்கவும் கழிவறை கழுவவும் தாராளமாகப் போகலாம். அங்கே யாரும் தகுதி, திறமை பற்றிப் பேசுவதில்லை.

அறிவியலுக்காக நோபல் வாங்கிய தமிழர்கள் மூவர்: 1930-இல் ராமன், 1983-இல் சந்திரசேகர், 2009-இல் வெங்கி. மூவரும் பார்ப்பனக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ராமனின் அண்ணன் மகன்தான் சந்திரசேகர். அவர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று பரிசும் ஒரே சாதிக்குப் போனதற்கு மூளைதான் காரணம் என்று எவராவது சொன்னால், தலைமுறை தலைமுறையாகப் புத்தகம் யார் கையில் இருந்தது, மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று கேட்போம்.

மேக்நாத் சாகாவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1893-இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். கல்கத்தா விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவர்தான் 1920-இல், விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழிசெய்த சமன்பாட்டைத் தந்தார். உலகம் இன்றும் அதைச் சாகா சமன்பாடு என்றே அழைக்கிறது.

கொல்கத்தாவில் அவர் பெயரில் அணு இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீடு தரும் சட்டம் 2019-இல் வந்தபோது, அதன் 4-ஆம் பிரிவு சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. காரணம், அவை "சிறப்பு" வாய்ந்தவையாம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. சாகா நிறுவனமும் இருக்கிறது! அன்று சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததை இன்று சட்டம் போட்டு, அவர் பெயர்ப் பலகைக்குப் பின்னாலேயே நடத்துகிறார்கள்.

"அறிவியலில் தரம் முக்கியம்" என்பார்கள். எங்களுக்கும் முக்கியம்தான். பாதிப் பேரை மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ஓடி ஜெயித்தவரின் வேகத்தை எதை வைத்து அளப்பீர்கள்?

கேள்வியில் உள்ள "உயிரோடு இருக்கும்" என்ற சொல்லைத் தாண்டிப் போக எங்களால் முடியவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா, கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 2016 ஜனவரி 17-க்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அவர் வர முடியாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. 2019 சட்டத்தின் 4-ஆம் பிரிவை நீக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் துறைவாரியாக, சாதிவாரியாகப் பேராசிரியர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எங்கள் பிள்ளைகளை நெறியாளர் இல்லாமல் அலைய விடுவதைக் குற்றமாகக் கருத வேண்டும்.

பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் விஞ்ஞானிகளுக்கு ஒன்று சொல்கிறோம். பக்கத்து அறையில் பட்டியல் சாதிப் பேராசிரியர் ஒருவர்கூட இல்லாததைப் பார்த்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், வருங்காலம் உங்கள் கண்டுபிடிப்போடு சேர்த்து அதையும் எழுதி வைக்கும். எழுதப் போவது எங்கள் பிள்ளைகள்.

ஜெய்பீம்.