காலைத் தட்டில் மல்லாட்டை

நீரிழிவு உள்ளவருக்கான காலை உணவு அறிவுரை 'இட்லியைக் குறையுங்கள்' என்பதோடு முடிந்துவிடுமானால், அது இரத்தச் சர்க்கரையை மட்டும் கருதிப் பசியை மறந்த அறிவுரையே ஆகும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் விடியலில் கழனிக்குப் போகிறவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால், பத்து மணிக்கே பசி எடுத்து டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயையும் பன்னையும் நாட, காலையில் குறைத்த மாவுச்சத்து அதைவிட வேகமாகக் கரையும் வடிவில் திரும்பி வந்துவிடுகிறது.

ஓர் உணவின் மாவுச்சத்து இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, தூய குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிடும் அளவே கிளைசெமிக் குறியீடு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1981இல் அதை வகுத்தனர். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 1995இல் 38 உணவுகளை ஆராய்ந்து, வெள்ளை ரொட்டியை 100 எனக் கொண்டு, வயிறு நிறைந்த உணர்வை அளக்கும் நிறைவுக் குறியீட்டைத் தந்தனர். அதில் 323 பெற்று முதலிடத்தில் நின்ற வேகவைத்த உருளைக்கிழங்கு, கிளைசெமிக் குறியீட்டிலும் உயர்ந்ததே. ஆகவே ஓர் அளவை வைத்து மற்றதை ஊகிக்க இயலாது.

அரிசி நைய அரைபட்டு, புளித்து, ஆவியில் முழுதும் வெந்துவிடுவதால் இட்லியின் மாவுச்சத்து எளிதில் செரிக்கிறது. கேழ்வரகும், மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது, சிறுதானியம் என்ற பெயருக்காக மெதுவாகச் செரிப்பதில்லை. இதை நோயாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெண்பொங்கலில் பாசிப்பருப்பின் புரதமும் நெய்யின் கொழுப்பும் இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிக்கின்றன, எனினும் கலோரி ஏறுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திற்கு இயல்பான துணை உணவு மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை. வேர்க்கடலை ரகங்களின் பெயரில் முன்னிற்கும் டி.எம்.வி. என்னும் எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. நூறு கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும், எடையில் பாதியளவு கொழுப்பும், நார்ச்சத்தும் கொண்ட இதன் கிளைசெமிக் குறியீடு மிகக் குறைவு. புரதமும் கொழுப்பும் சிறுகுடலை அடையும்போது, பசியை அடக்கி இன்சுலின் சுரப்புக்குத் துணைபுரியும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இட்லியில் ஒன்றைக் குறைத்து, மல்லாட்டைச் சட்னியும் கெட்டியான பருப்புச் சாம்பாரும் சேர்த்துக்கொள்ளுமாறு கூறுவது, விலை கூடிய ஓட்ஸைப் பரிந்துரைப்பதைவிட இங்கு நடைமுறைக்கு உகந்தது. ஒரு கைப்பிடியே, அதாவது 30 கிராமே, 170 கலோரி தருவதால் அளவையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்க்குப் புரதம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கருதித் தனியே முடிவெடுக்க வேண்டும்.

விடியற்காலையில் மிகும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராகச் செயல்படுவதால், நீரிழிவு உள்ளவர் பலருக்குக் காலை உணவுக்குப் பின்னான சர்க்கரை ஏற்றமே நாளின் உச்சமாக அமைகிறது. அவ்வாறிருக்க, உணவுக்கு இரண்டு மணிநேரம் கழித்துச் செய்யும் சர்க்கரைச் சோதனையின் எண்ணை மட்டும் சீட்டில் எழுதிவிட்டு, அன்று உண்டது என்ன, மீண்டும் எப்போது பசித்தது என்பவற்றைக் குறிக்காமல் விடுவது அந்த எண்ணின் பொருளையே இழப்பதாகும். கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை உட்கொண்டு வெயிலில் களையெடுப்பவரிடம் காலை உணவைக் குறைக்கச் சொல்லும்போது, தாழ்சர்க்கரை ஏற்படக்கூடும் என்பதால், மாத்திரையின் அளவும் அதே அமர்வில் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.